முன்னறைக்கு வந்த முனவ்வர் ஆபா

முனவ்வர் பேகம் என் அக்கா. எங்கள் வீட்டு வழக்கப்படி ஆபா என்போம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தோல் தரம் பிரித்தவர். விரலால் தடவியே முள் கீறல் எது, உண்ணிக் கடி எது என்று சொல்லிவிடுவார். முழங்கால் வலியால் நிற்க முடியாமல் போனபோது மேனேஜர் சாமிநாதன் ஒரு வழி சொன்னார்: தோல் மாதிரிகள் வீட்டுக்கு வரும், ஆபா அவற்றை லேப்டாப்பில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டி விளக்க வேண்டும்.

இரண்டு வெள்ளிக்கிழமை மதியம் காட்டினார். இரண்டு முறையும் பாதியில் படம் உறைந்துபோனது. மூன்றாவது முறையும் இப்படியானால் வேறு ஆளைத்தான் பார்க்கவேண்டும் என்றுவிட்டார் சாமிநாதன். ஹாம்பர்க்கில் இருக்கும் எனக்கு வேலையே ஓடவில்லை. புது லேப்டாப் அனுப்பட்டுமா, இன்டர்நெட்டை மாற்றலாமா என்று ஆபாவைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வெள்ளி காலை, சோதித்துப் பார்க்க வீடியோவில் அழைத்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாய் திறந்தபடி நின்றுபோனார். முகம் மறுபடி அசைந்தபோது பின்னால் ‘டிங் டிங்’ என்று கேட்டது.

“ஆபா, அது இன்னா சத்தம்?”

“மைக்ரோவேவ் ஓவன்டா. உன் மச்சான் டீ சூடு பண்றாரு.”

“போன வெள்ளிக்கிழமையும் ஓவன் ஓடுச்சா?”

“ஓடாம? ஜும்ஆ தொழுகை முடிஞ்சி தோஸ்துங்க நாலு பேர் சாப்பிட வருவாங்க. தட்டு தட்டா சூடு பண்ணுவாரு.”

விஷயம் பிடிபட்டது. ஆபாவின் வைஃபையும் ஓவனிலிருந்து கசியும் அலையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை. ஆபா உட்காருவதோ சமையலறையை ஒட்டிய அறை. நம் ஓவனை நிறுத்தலாம்; சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டு ஓவனும் அதே நேரத்தில்தான் ஓடும். வைஃபை பட்டியலில் ‘5ஜி’ என்று முடியும் இன்னொரு பெயர் இருந்தது. அது வேறு அலைவரிசை; அதற்கு மாற்றச் சொன்னேன். ஓவன் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்த அலைக்கு இரண்டு சுவர் தாண்டத் தெம்பில்லை, படம் தடுமாறியது. வைஃபை பெட்டி இருப்பது முன்னறையில். வெள்ளி மதியம் அங்கே ஆண்கள் உட்காருவார்கள். இருபது வருடமாக அந்த நேரத்தில் ஆபா அங்கே போனதில்லை.

ஆபா, டீயோடு நின்ற வாஹித் பாஷா மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னிக்கி தோஸ்துங்க உள் ரூம்ல சாப்பிடட்டும். நான் முன்னாடி உக்காந்துக்கறேன்.”

“அவங்க இன்னா நெனப்பாங்க?”

“கறி வெந்துச்சா, வேகலயான்னு நெனப்பாங்க. அதுக்கு மேல எதுவும் நெனக்க மாட்டாங்க.”

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிங்க மேடம். பின்வாசல் வழியா கூட்டினு வர்றேன்.”

மதியம் இரண்டரை, எனக்குக் காலை பத்து. மேசையில் கணினி திறந்திருந்தது. நான் பார்த்ததெல்லாம் கைபேசியை. பத்தே முக்காலுக்கு ஆபா அழைத்தார்.

“நாப்பது நிமிஷம்டா! ஒரு தடவகூட நிக்கல. ஒரு கீறல கிட்ட காட்டச் சொன்னாங்க, காட்டினேன். இனிமே இந்த வேலை ஒங்களுதுதான்னு சாமிநாதன் சார் சொல்லிட்டாரு.”

மூக்கை உறிஞ்சினேன்.

“இன்னாடா, அழுவுறியா?”

“இல்ல ஆபா, ஜலதோஷம். மச்சானோட தோஸ்துங்க இன்னா சொன்னாங்க?”

“உள் ரூம்ல ஃபேன் காத்து நல்லா வருதாம். இனிமே வெள்ளிக்கிழம அங்கயே உக்காந்துக்கறாங்களாம்.”