நிறுத்திவைத்த மணிக்கூடு

மகள் ஸ்பெயினிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவிஸின் பாசல் நகரத்து டிராமில் நின்றபடி அதைத் திறந்தவன், இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். படத்தில் ஒரு சிற்றூரின் நகரசபைக் கட்டடம். போகிற வழியில் எட்டிப் பார் என்று நான்தான் கேட்டிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. நான் ஒருநாளும் போகாத ஊர். ஆனாலும் கீழே ஐந்து வளைவுகள், மேலே நீண்ட இரும்புப் பல்கணி, கூரைக்கு மேல் மணிக்கூட்டுக் கோபுரம், எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரியவைத்தவன் மனோலோ. டாவோஸ் ஹோட்டல் குசினி ஒன்றில் நாங்கள் இருவரும் கோப்பை கழுவினோம். சவர்க்காரமும் கொதிநீர் ஆவியும் கலந்த மணம் எங்காவது வந்தால் எனக்கு இன்றைக்கும் அவனுடைய ஊர்தான் ஞாபகம் வரும். அது அவன் செய்த வேலை. ஆவி படிந்த மேசையில் விரலால் அந்தக் கட்டடத்தைக் கீறுவான். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன். மிச்சத்தை விரல் சொல்லும்.

முன்பெல்லாம் ஊர்ச்சபை தேவாலய வாசலில்தான் கூடுமாம். சபைக்குத் தனி வீடு வேண்டும் என்று அரச கட்டளை வந்த பிறகே இதைக் கட்டினார்களாம். வளைவுகளுக்குக் கீழே தானியச் சந்தை. முதல் தூணில் ஓர் இரும்புக் கோல் பதித்திருக்கும். துணி வாங்கியவர்கள் வியாபாரி ஏமாற்றினானா என்று அதில் அளந்து பார்ப்பார்கள். கோபுரம் பிற்காலத்து வேலை. அதன் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பவர் மனோலோவின் தகப்பன். அந்தக் கோலை ஒருமுறை தொட்டுப் பார்க்க எனக்கு ஏனோ பெரிய ஆசை.

ஊருக்கே திரும்பிப் போகும்போது மனோலோ கலியாணத்துக்கு அழைத்தான். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில், நகரபிதா முன்னிலையில் கலியாணப் பதிவு, எங்கள் பேச்சில் எழுத்து.

"கட்டாயம் வருவியோ?"

"ஓம், வாறன். வராமல் இருப்பனோ?"

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. நல்ல காரியத்துக்குக் கூப்பிடுகிறவனிடம் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று யார் சொல்வது? போகமுடியாதவனும் வாறன் என்பான், கேட்டவனும் விளங்கிக்கொள்வான். அகதி வழக்கு முடியாத எனக்கு எல்லை தாண்ட அனுமதி இல்லை. மனோலோவுக்கு அதுவும் தெரியாது, எங்கள் வழக்கமும் தெரியாது. அவன் நம்பிவிட்டான்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அதில் கோபமே இல்லை. "எழுத்து பன்னிரண்டு மணிக்கு. உன்னைக் காணவில்லை. ரயில் பிந்தியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். நீ பிந்தி வந்தவனாக ஆகிவிடக் கூடாது என்று அவர் கோபுரத்தில் ஏறி மணிக்கூட்டை நிறுத்திவிட்டார். அரை மணித்தியாலம் ஊருக்குப் பன்னிரண்டு அடிக்கவில்லை. நீ சுகமா?"

நான் பதில் எழுதவில்லை. வெட்கம். சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு பாரிசுக்கு எத்தனையோ தரம் போனேன். அந்த ஊருக்கு மட்டும் கால் எழவில்லை. வீரன்தான், வேறென்ன.

அடுத்த தரிப்பில் இறங்கி மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அங்கை மனோலோ எண்டு ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறியோ, பிள்ளை? தகப்பன்தான் மணிக்கூட்டுக்குச் சாவி குடுத்தவர்."

கேட்டுவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தாள். "அந்த மனோலோ போன வருசம் செத்துப் போனாராம், அப்பா."

"மணிக்கூடு?"

"அது கரண்டிலை ஓடுது. இப்ப மேலை ஏறுறதுக்கு ஆக்கள் இல்லையாம்."

டாவோஸ் ஹோட்டலையும் இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிடம். இனி எனக்காக அதை நிறுத்திவைக்க அங்கே யாரும் இல்லை.