இன்னொரு கறி தோசை

கம்பெனி லீவு விட்டா சிவகாசியில இருந்து மதுரைக்கு பஸ் ஏறிருவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கடை. பன் பரோட்டா, அயிரை மீன் குழம்பு எல்லாம் ஆச்சு. இன்னைக்குக் கறி தோசை.

பக்கத்து டேபிள்ல எங்க ஊர்ப் பெரிய வீட்டம்மா, குடும்பத்தோட. எங்கம்மா முன்னாடி அவுக காட்டுலதான் களையெடுத்துச்சு.

"ஏ, நீ மாரி மகதான? பட்டாசுக் கம்பெனிக்குப் போற பிள்ளைக்கு இம்புட்டு நாக்கு ருசி கேக்குதோ?"

கடையே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா நான் எந்திரிக்கல.

"ஆமாங்க, நல்லாவே கேக்குது"ன்னு சொல்லிட்டு, அவுக காதுல விழுற மாதிரி இன்னொரு கறி தோசை ஆர்டர் பண்ணுனேன்.

அதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே அம்மா போன் பண்ணுச்சு.

"பெரிய வீட்டம்மா இப்பத்தான் பேசுனாக. மதுரையில தனியா உக்காந்து கறி தோசை திங்கியாமே?"

"ஆமாம்மா, இது ரெண்டாவது"ன்னேன்.

"நல்லா இருக்கா? எனக்கும் ஒண்ணு பார்சல் வாங்கிட்டு வா."

"பார்சல் எதுக்கும்மா? அடுத்த லீவுக்கு நீயும் வா. கடையில உக்காந்தே சாப்பிடுவோம்."

அம்மாவுக்கு மட்டன் சுக்கான்னா உசுரு. மதுரையில எந்தக் கடையில நல்லா இருக்கும்? சொல்லுங்க மக்கா. நட்டநடு டேபிளாப் பார்த்து உக்காரப் போறோம்.