அடித்தட்டில் பொற்றாசியம்

தண்ணீருடன் தாக்கமடையும் உலோகங்களை எண்ணெயில் அமிழ்த்தி, ஈரம் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். துறைமுகத்துக்குப் பின்தெருவில் உள்ள எங்கள் பாடசாலையின் ஆய்வுகூடச் சுவரில் அந்த விதியை ஒட்டியவன் நான். அதற்கு நேர்கீழே அதை மீறியவனும் நான்.

இரசாயனம் படிப்பித்த காலத்தில் ஒரு பெரிய அலுமாரியை ஆவர்த்தன அட்டவணையின் வடிவிலேயே செய்வித்தேன். அட்டவணையில் மூலகம் எங்கேயோ, அலுமாரியில் அதன் போத்தலும் அங்கே. இடது ஓரத்தில் மேலே இலிதியம், அதன்கீழ் சோடியம், அடித்தட்டில் பொற்றாசியம். கீழே போகப் போக வெளி இலத்திரன் மீது கருவின் பிடி தளரும், தாக்குதிறன் கூடும் என்று தட்டுகளைத் தொட்டுக் காட்டியே விளக்கினேன். பார்வையிட வந்த அதிகாரிகள் மெச்சினார்கள். மூன்றிலும் பொல்லாதது தரைக்கு மிகக் கிட்ட இருக்கிறது என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, என்னிடம் படித்த பிள்ளை ஒருவரே அங்கே ஆசிரியையாக வந்தார். ஐப்பசியில் அவர் தொலைபேசியில் அழைத்தார். பொற்றாசியச் சாடியில் எண்ணெய் வற்றிவிட்டதாம், உலோகத்தின் மேல் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறதாம். போன மாரியில் ஆய்வுகூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதையும் சொன்னார்.

அந்த மஞ்சள் படிவு இருந்தால் தண்ணீர்கூடத் தேவையில்லை, உரசினாலே வெடிக்கலாம். மூடியைத் தொடவே வேண்டாம் என்றேன். ஆனால் பாவனைக்குதவாத பொருளை எழுத்துமூல அனுமதியின்றி இடம் மாற்றக்கூடாது என்பதும் விதி. நான் சொல்லச் சொல்ல அவர் மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினார், மூன்று பிரதிகளில். கார்த்திகை பிறந்தும் பதில் இல்லை.

ஒருநாள் விடிந்தது முதல் மழை விடவேயில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சேர், தண்ணி வாசற்படியைத் தாண்டிட்டுது" என்றார் தொலைபேசியில்.

நான் போனபோது தண்ணீருக்கும் அடித்தட்டுக்கும் நான்கு விரல் இடைவெளிதான். முன்பே சொல்லி வைத்தபடி ஒரு வாளி காய்ந்த மணலோடு நின்றார். சாடியை எடுக்கக் குனிந்தவரைத் தடுத்தேன்.

"நீங்கள் வெளியில நில்லுங்கோ, பிள்ளை. நான் தூக்கிறன்."

"அனுமதி வரேல்லையே, சேர்."

"வராது."

என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம், அதில வைச்சதும் நீங்கள்தானே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சாடியைக் குலுக்கக்கூடாது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து மெல்ல மெல்ல உயர்த்தினேன். மணலுக்குள் அதை இறக்கும்போது உலோகம் கண்ணாடியில் மெல்லத் தட்டியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வாளியைத் தூக்கி, தண்ணீருக்குள் கால் வைத்து வைத்து, உயரமான சீமெந்து மேசை வரை பதினொரு அடி நடந்தேன். வெளியே வந்து அறையைப் பூட்டினேன். மாரி முடியும்வரை அந்தப் பூட்டு திறக்கப்படவில்லை.

அப்புறப்படுத்த ஆட்கள் வரும்வரை சாடியை எக்காரணம் கொண்டும் அசைக்காமல் அதே தட்டில் வைத்திருக்குமாறு மேலிடம் பதில் எழுதியது. அது வந்து சேர்ந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள்.