பெரியப்பா படத்துக்கு விழுந்த மாலை

எங்கள் பெரியப்பாவைத் தேட டெல்லியில் எத்தனை கமிட்டி போட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்று கலைந்தால், அது ஏன் கலைந்தது என்று விசாரிக்க இன்னொன்று வரும். பெரியப்பா பாகிஸ்தான் சண்டையில் பிடிபட்டவர். திரும்பி வரவில்லை, செத்துப்போனார் என்றும் யாரும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருவராவது ஆம்பூரில் எங்கள் வீடு தேடி வந்து அங்க அடையாளம் கேட்பார். புருவத்தில் தழும்பு, காதோரம் மச்சம். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு பெரியம்மா அதையே ஒப்பிப்பார். திருக்குறள் ஏறாத என் மண்டையிலும் அது ஏறிவிட்டது.

நான் நாலாவது படிக்கும்போது எம்.பி.யே நேரில் வந்தார். காணாமல் போன போர்க் கைதிகளை விசாரிக்க பார்லிமெண்ட் உறுப்பினர்களை வைத்தே ஒரு கமிட்டி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். கூடவே கட்சிக்காரர்கள், ஒரு பத்திரிகை போட்டோகிராபர், வேறெங்கோ மிஞ்சிய ரோஜா மாலை ஒன்று.

கையில் மாலை இருந்தால் கட்சிக்காரரால் சும்மா நிற்க முடியாதில்லையா. சுவரில் இருந்த பெரியப்பா படத்துக்குப் போட்டுவிட்டார். எம்.பி. கும்பிட்டார். போட்டோ எடுத்தார்கள். அதற்குள் நான் முண்டியடித்து நடுவில் போய், விழுந்த பல் தெரியச் சிரித்தபடி நின்றிருந்தேன்.

காபியோடு வந்த பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றினார்.

"இன்னாய்யா இது? தேடித் தர்றேன்னு வந்தீங்களா, கருமாதி பண்ண வந்தீங்களா?"

"மரியாதைக்குப் போட்டதும்மா," என்றார் கட்சிக்காரர்.

"ஆளைக் கூட்டியாந்து அவரு கழுத்துல போடுங்க. அதுவரைக்கும் நீங்களே போட்டுக்குங்க," என்று பெரியம்மா மாலையை எம்.பி.யிடம் நீட்டினார். அவர் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துவிட்டார்.

"இந்தக் கமிட்டி வந்தா கண்டிப்பா பதில் கிடைக்கும்மா," என்றார் எம்.பி.

"போன கமிட்டியும் இதான் சொல்லிச்சு. தழும்பு இருக்கான்னு கேட்டுச்சு, காபி குடிச்சிச்சு, எழுந்து போயிடுச்சு."

மறுநாள் பேப்பரில் மாலையோடு இருந்த படம்தான் வந்தது. மறைந்த வீரருக்கு எம்.பி. அஞ்சலி என்று மேலே கொட்டை எழுத்து. பெரியப்பாவைவிட என் ஓட்டைப் பல்தான் பளிச்சென்று இருந்தது. வகுப்பு முழுக்கக் காட்டிப் பெருமையடித்தேன். தீர்மானமோ நேரமில்லை என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தேர்தல் வந்துவிட்டது.

பேப்பரில் படம் வந்த அந்த வாரமே எதிர்வீட்டு அத்தை, மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்தார். குங்குமச் சிமிழை அம்மாவிடம் நீட்டினார். அம்மா எடுத்துக்கொண்டார். பக்கத்தில் பெரியம்மா, காலையில் வைத்த பொட்டோடு, பாதி கை நீட்டியபடி நின்றார். அத்தை கொஞ்சம் தயங்கினார். பிறகு சிமிழை மூடிவிட்டார்.

"நீயும் வாக்கா, சாப்பாட்டுக்கு," என்றார்.

குங்குமம் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன். உள்ளே ஓடி, சாமி படத்தடியில் இருந்த எங்கள் சிமிழை எடுத்து வந்து அத்தையிடம் நீட்டினேன்.

"இந்தாங்கத்தே, எங்க வீட்ல ஜாஸ்தியாவே இருக்கு."

மூன்று பெரியவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் அதை வாங்கவில்லை. நீட்டிய கை வலிக்க ஆரம்பித்தது. உதவி செய்ய வந்தவனிடம் இப்படியா நடந்துகொள்வார்கள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.