இடிக்குப் பயந்து வைத்த கரித்துண்டு

முட்டைக்குள் உயிர் துடிப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூடப் பேத்திதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு. சிரிக்கட்டும். அந்த முட்டையை அவள் பார்த்ததில்லையே.

அப்போது தீவில், இந்தி பேசும் புரோத்ராபூரில் குடியிருந்தோம். ஈரல் நோயை ஆராய்ச்சி செய்த ஒரு வங்காளி டாக்டரின் அறையைக் கூட்டித் துடைப்பது என் வேலை. பல்பு எரியும் மரப்பெட்டி ஒன்றில் இருபது முட்டைகள் வைத்திருந்தார். பாதி முட்டைகளில் ஊசியால் ஒரு சொட்டுச் சாராயம், மீதியில் வெறும் தண்ணீர். சாராய முட்டைக்குப் பென்சிலால் பெருக்கல் குறி, தண்ணீர் முட்டைக்கு வட்டம். எழுத்து போட்டால் எனக்குத் தெரியாது என்று எனக்காகவே அப்படிப் போட்டார். வேளாவேளைக்கு முட்டைகளைத் திருப்பி வைப்பது நான்தான்.

ஒருநாள் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிக் காட்டினார். மாஞ்செடி வேர்போலச் சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. "தேக்கோ பெஹன், தில்," என்று இதயத்தைக் காட்டினார். "இன்னும் சில நாளில் ஈரலும் தெரியும்." துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் மர மில் வேலைக்காரர். தினமும் குடிப்பார். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. நான் முட்டைக் கதையைச் சொன்னதும் கொஞ்சம் பயந்தார்.

"சரி, அந்த முட்டைக்கு என்னா ஆவுதுன்னு பாத்துட்டுத் தொடுறேன்," என்று பாட்டிலைப் பரணில் வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மழை பிடித்தது. இடி என்றால் அப்படி ஓர் இடி. எங்கள் பக்கத்தில் கோழியை அடை வைத்தால் கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவோம். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் எல்லாம் கூமுட்டையாகிவிடும். படித்தவருக்கு இது தெரியாது போலிருக்கிறது என்று, நானே ஒரு கரித்துண்டையும் ஆணியையும் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் பார்த்தால் கரி நொறுங்கி எல்லா முட்டைகளிலும் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். கரியோடு குறிகளும் போய்விட்டன. வேலை போய்விடும் என்று பயம். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்துப் பத்து வட்டம், பத்துப் பெருக்கல், கைக்கு வந்தபடி போட்டு வைத்தேன்.

சில நாள் கழித்து டாக்டர் முட்டைகளை உடைத்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தாருவாலா பி டீக் ஹை," என்றார். இரண்டு குறியிலும் நல்ல ஈரலும் கெட்ட ஈரலும் கலந்து கிடந்தன; சாராய முட்டையும் தண்ணீர் முட்டைபோல நன்றாகத்தான் இருக்கிறதாம். அதை வீட்டில் போய்ச் சொல்லித் தொலைத்ததும் நான்தான்.

"பாத்தியா, கோழிக்குஞ்சே குடிச்சிட்டு ஜோரா இருக்கு. எனக்கு என்னாடி?" பாட்டில் பரணிலிருந்து இறங்கிவிட்டது.

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் சொன்னேன். "அந்தக் குறி நான் போட்டதுங்க. எது சாராயம், எது தண்ணின்னு எனக்கே தெரியாது."

"போடி கூமுட்டை. என் குடிய நிறுத்தணும்னு டாக்டரையே பொய்யனாக்குறியா?"

மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். "இடிக்காகவா?" என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. புது முட்டைகள் வாங்கிவரச் சொன்னார். இந்த முறை குறிகளை மையால் போட்டார். கரியைப் பெட்டிக்கு வெளியே வைக்கச் சொன்னார். நாள் ஆகி உடைத்தபோது சாராய முட்டைகளில் மட்டும் ஈரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஓடி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"குறி போட்டது யாரு, நீதானே?" என்று சிரித்தார்.

அடுத்த மழைக்குள் அவர் வயிறு பானைபோல வீங்கிவிட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க டாக்டர் வந்தபோது, வீட்டுக்காரர் அவரிடம் கேட்டார்: "சாப், அந்த மொத முட்டை... நெசமாவே இவ அழிச்சதுதானா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்று நானே சொன்னேன்.

"குறி அழிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல," என்றார் வீட்டுக்காரர். கோபமாகக்கூட இல்லை.