துணைக்குப் போன இடத்தில் பரீட்சை

நான் ஐந்தாவது வரை படித்தவள். காலேஜிலும் ஒரு மாதம் படித்தேன். நடுவில் ஒன்றும் இல்லை.

யுத்த காலம். முந்தின கோடையில் குண்டு விழும் என்று பயந்து பட்டணம் பாதி காலியானது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பெண்களின் படிப்பு அரைகுறையாய் நின்றது. அதனாலோ என்னவோ, அடுத்த கோடையில் ஒரு பெண்கள் காலேஜில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஹைஸ்கூல் பெண்கள் லீவில் அங்கே வந்து ரசாயனம் படிக்கலாம். மாதக் கடைசியில் பரீட்சை. தேறியவர்களுக்குப் பிறகு அதே காலேஜில் இண்டர்மீடியட் வகுப்பில் இடம் நிச்சயம். அந்தப் பாடத்தை மறுபடி படிக்கவும் வேண்டாம்.

என் நாத்தனார் போயே தீருவேன் என்றாள். மாமியாருக்கு அவளை ஆவணியில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். மாமனார் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். பரீட்சையில் தேறினால் காலேஜ். இல்லாவிட்டால் கல்யாணம்.

"தனியா அனுப்ப மாட்டேன்" என்றார் மாமியார்.

"மன்னி துணைக்கு வருவாம்மா" என்றாள் அவள்.

அண்ணன் பெண்டாட்டி என்பதால் நான் அவளுக்கு மன்னி. என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வேலையாகப் பூனாவில் இருந்தார். எனக்கும் சும்மா இருந்து அலுத்துவிட்டது. போனேன்.

மயிலாப்பூரில் டிராம் ஏறினோம். கண்டக்டர் நாத்தனார் கையிலிருந்த புஸ்தகத்தைப் பார்த்தார்.

"லீவு வுட்டாச்சே, பொஸ்தவத்தத் தூக்கிக்கினு எங்கம்மா போறீங்க?"

"காலேஜுக்கு" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பேருமா?"

"அவ படிக்க. நான் துணைக்கு" என்றேன்.

"படிக்கறதுக்கு இன்னாம்மா தொண? பொஸ்தவம் கடிக்குமா?"

டிராம் முழுக்கச் சிரித்தது. நாத்தனாருக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வகுப்பு நடந்தது ஒரு பெரிய கூடத்தில். மேஜை மேல் கண்ணாடிக் குழாய்கள், புட்டிகள். அழுகின முட்டை நாற்றம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் மறுநாள் முதல் அரைக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்துப் போய் ஆய்ந்தேன்.

மூன்றாம் நாள் தியாகராய நகர்ப் பெண் ஒருத்தி வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். பாடம் நடத்தும் அம்மாளை எல்லோரும் மிஸ் என்பார்கள். மிஸ் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார்.

"பத்துப் பேர் இருந்தாத்தான் வகுப்பு நடத்தலாம்னு காலேஜ்ல உத்தரவு. இப்ப ஒன்பது பேர்தான் இருக்கீங்க."

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்திருந்தது. மிஸ்ஸும் பார்த்தார். என் மடியில் கீரை.

"நீங்க யாரு?"

"மன்னி" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தோன்றவில்லை. ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

மிஸ் பெயர் எழுதும் நோட்டைத் திறந்தார். "தலையைத்தான் எண்ணுவாங்க. உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்க்க மாட்டாங்க. கீரையைக் கீழே வச்சிட்டு முன்னாடி வாங்க."

அப்படித்தான் நான் காலேஜில் சேர்ந்தேன்.

தினமும் பெயர் கூப்பிட்டதும் "பிரசன்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த திருவல்லிக்கேணி முஸ்லிம் பெண் தொடையில் கிள்ளினாள். "ஐயோ" என்றேன். மிஸ் அதையே பிரசன்ட் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒன்பது பேருக்கும் நான் மன்னி.

ஒரு நாள் ஒரு குழாயில் ஏதோ வாயுவைப் பிடித்து, அதன் வாயில் நெருப்பைக் காட்டினார் மிஸ். டப் என்று ஒரு சத்தம். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்பது பெண்களும் மேஜைக்கு அடியில். பள்ளிக்கூடத்தில் குண்டுக்கு ஒளியப் பழக்கியிருந்தார்கள். காதைப் பொத்தி, பல்லைக் கடித்து, வரிசையாக முடங்கிக் கிடந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"பார்த்தீங்களா, மன்னிதான் தைரியசாலி" என்றார் மிஸ்.

"கால் மரத்துப் போச்சு மிஸ்" என்றேன்.

மேஜைக்கு அடியிலிருந்து வந்த சிரிப்பு நிற்க வெகு நேரம் ஆனது. மிஸ்ஸே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் விசாரிப்பார். "இன்னிக்கு என்ன படிச்சேள்?"

"தண்ணிக்குள்ள ரெண்டு காத்து இருக்காம்."

"அதான் குடிச்சா ஏப்பம் வரது" என்பார். உடனே பக்கத்து வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வருவார். கொஞ்ச நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "எங்காத்துல ரெண்டு பேர் காலேஜுக்குப் போறா."

பரீட்சைக்கு முந்தின வாரம் மிஸ் சொன்னார். "அன்னிக்குப் பத்துப் பேரும் வந்து உட்காரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் இந்த வகுப்பு செல்லாது. யாருக்கும் இடம் கிடையாது. பெயிலானாப் பரவாயில்லை. வந்தாப் போதும்." கடைசி இரண்டு வாக்கியத்தையும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மன்னி, நீங்க பாஸானா எங்க வூட்ல பிரியாணி" என்றாள் திருவல்லிக்கேணிப் பெண்.

"எனக்கா?"

"சேச்சே. உங்க பேரைச் சொல்லி நாங்க சாப்பிடுவோம்."

பரீட்சை நாள் வந்தது. காலையில் எழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாதாமாதம் வருவது வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டில் ஒதுங்கி உட்கார வேண்டும். யாரையும் தொடக்கூடாது. படி தாண்டக்கூடாது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் தலை பின்னிக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்தது. தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"போச்சு மன்னி. ஆவணிதான்."

மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். இது அவர் தீர்ப்புச் சொல்லும் விஷயம் இல்லை.

மாமியார் சமையலறை வாசலில் நின்றார். கையில் கரண்டி.

"அங்கே எப்படி உக்கார வைப்பா?"

"தனித்தனியாம்மா" என்றாள் நாத்தனார் அழுதுகொண்டே. "நடுவுல எடம் விட்டு."

"ஒருத்தரை ஒருத்தர் தொடலாமோ?"

"தொட்டா வெளியில அனுப்பிடுவா."

"பேசிண்டா?"

"பேசவே கூடாது."

"சாமான் கீமான் குடுத்து வாங்கிக்கறது?"

"பென்சில்கூடக் குடுக்கக் கூடாதும்மா."

மாமியார் கரண்டியைக் கன்னத்தில் வைத்து யோசித்தார்.

"நம்மாத்தைவிட ஆசாரமான்னா இருக்கு! ஸ்நானம் பண்ணிட்டுக் கெளம்பு. திரும்பி வந்து இங்கேயே உக்காந்துக்கோ."

மாமனார் கையில் பேப்பர் குலுங்கியது.

டிராமில் யார் மேலாவது பட்டுவிடும் என்று ஜட்கா வைத்தார்கள். நாத்தனார் முன்னால் ஒட்டிக்கொண்டாள். நான் பின் ஓரத்தில் தொற்றிக்கொண்டேன். வண்டி பின்னால் சாய்ந்தது. குதிரை தலையைத் தூக்கியது.

"இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார் வண்டிக்காரர். "கொஞ்சம் முன்னால வா. குதுர வானத்தப் பாத்துக்கினு கீது."

"வர முடியாது."

"அப்ப குதுரய உள்ள குந்த வச்சிட்டு நீ இழுத்துக்கினு வா!"

நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கு வந்தது. காலேஜ் வாசல் வரை நிற்கவில்லை. இறங்கியபோது எனக்கு வயிறு வலித்தது. எந்த வலி என்று தெரியவில்லை.

கூடத்தில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். மிஸ் எண்ணிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ். நாத்தனார் பழக்கியிருந்தபடி என் பெயரை இங்கிலீஷில் எழுதினேன். நெருப்புக் காட்டிய குழாயைப் படம் போட்டேன். தெரிந்தது அவ்வளவுதான். மணி அடிக்கும் வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன். உட்காரத்தானே வந்தேன்.

அடுத்த வாரம் மிஸ் வாசித்தார். ஒன்பது பேரும் பாஸ். நான் பெயில். படத்துக்கு மட்டும் ஏதோ மார்க் கிடைத்தது. பாஸான ஒன்பது பேரும் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. எல்லோருமாக விழுந்தோம்.

வீட்டுக்கு வந்து நாத்தனார் சொன்னாள். மாமனார் எழுந்து நின்று, "சரி, காலேஜ்" என்றார். அவள் கூடத்தில் பாவாடை சுழலச் சுற்றினாள். ஆவணிப் பேச்சை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ?"

"பெயில்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "பெயிலா? இத்தனை நாள் போய் உக்காந்துமா?" பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு தரம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"யார் கேட்டாலும் இன்னும் திருத்தலைன்னு சொல்லு."