தம்பி பேரில் கட்டின தாலி

அடுத்தவன் சண்டைக்கு நம்ம வூட்டுப் பிள்ளையை அனுப்ப எவனுக்கும் உரிமை கெடையாது. உளுந்தூர்பேட்டை டீக்கடையில இதைச் சொல்லிச் சொல்லியே பல பேருக்கு ஆகாதவனாப் போனேன். டிவியில எந்த நாட்டுலயாவது குண்டு விழுந்தா போதும், "நம்ம படையை அனுப்பணுங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். "மொதல்ல உங்க பையனை அனுப்புங்க"ன்னு நான் எரிஞ்சு விழுவேன். டீ ஆறிப்போகும்.

போன வருஷம் என் தம்பி, ஏஜெண்ட் பேச்சை நம்பி, வெளிநாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனான். போன எடத்துல கரண்டிக்குப் பதிலா துப்பாக்கியைக் குடுத்து, சண்டை நடக்கிற எல்லைக்கு ஏத்திக்கினு போயிட்டாங்க பாவிங்க. ஒரே ஒரு தபா போன் பண்ணான். "யாருக்கு யாரு மேல கோவம்னே தெரியலண்ணா. எப்படியாவது என்னைக் கூட்டிக்கினு போயிடு." அதோட சரி.

டீக்கடையில அதே ஆள் என் தோளைத் தொட்டார். "இப்ப இன்னா சொல்றீங்க? படையை அனுப்பி மீட்க வேணாமா?"

ஐயோ, வேணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. மீட்கப் போறவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பானே. எழுந்து வந்துட்டேன். என் மேலயே எனக்கு ஆத்திரமா இருந்தது.

சின்ன வயசுல தம்பிக்கு ஜன்னி கண்டப்ப அம்மா கூத்தாண்டவருக்கு வேண்டிக்கினாங்க. அதுலேர்ந்து வருஷா வருஷம் சித்திரையில அவன் சாமிக்குத் தாலி கட்டிக்குவான். சண்டையில வேற யாரோ ஜெயிக்கறதுக்காகக் களப்பலியான சாமி அது. பலி முடிஞ்சதும் கட்டின ஆம்பளைங்க எல்லாம் தாலியை அறுத்துட்டு அழுவாங்க. இந்த வருஷம் "அவனுக்குப் பதிலா நீ கட்டிக்கடா"ன்னாங்க அம்மா. கட்டிக்கினேன்.

மறுநாள் தாலி அறுக்கிற அழுகளத்துல ஒரே ஒப்பாரி. பூசாரி கத்தியோட கிட்ட வந்தார். நான் மஞ்சக் கயித்தை இறுக்கிப் பிடிச்சிக்கினேன்.

"கைய எடுப்பா, அறுக்கணும்."

"மாட்டேன்."

"சாமியே ஒத்துக்கினு பலிக்கு நின்னாருப்பா."

"என் தம்பி ஒத்துக்கலிங்க."

அறுக்கலன்னா வேண்டுதல் தீராதும்பாங்க. இந்த விஷயத்துல அம்மா துளி கொறை வெக்க மாட்டாங்க. வையப் போறாங்கன்னு திரும்பினேன். அம்மா கிட்ட வந்து, தாலி மறையற மாதிரி என் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு உட்டாங்க.

தம்பி இன்னும் வரல. தாலி என் கழுத்துலதான் இருக்கு.